மீட்டர் பார்க்க வந்தவர்

வற் கணக்கு நாளைக்குக் கட்டவேணும்.
ஹம்டன் ஒழுங்கை, மூன்றாம் மாடி, மழை.
கரையோர ரயில் போகிறபோது
மேசையில் தேத்தண்ணி நடுங்குகிறது.
டொலர் விலை தேடிப் போன பக்கத்தில்
திரை முழுக்க ஒருவர் வந்து நிற்கிறார்:

"உங்கள் உலாவி காலாவதியாகியுள்ளது.
உடனே புதுப்பிக்கவும்."

சின்னம் சரி. நிறம் சரி.
கீழே சிவப்பில் ஒரு மணிக்கூடு
பின்னோக்கி ஓடுகிறது,
பத்து நிமிடத்தில் எனக்கு ஏதோ நடக்கப்போவது போல.

இதைத்தான் போன பங்குனியில்
பழைய சோனகத் தெருக் கந்தோரில்
நிரூபன் நம்பினான்.
சோற்றுப் பார்சலை ஒரு கையால் அவிழ்த்தபடி
மறு கையால் 'சரி' என்று அமத்தினான்.
பருப்பு ஆற முதல்
பதினொரு மாத பில்லுகள் பூட்டிக்கொண்டன:
ஆணி, பிணைச்சல், பிவிசி குழாய்,
மாத்தளைக்குக் கடனாய்ப் போன வயர்ச் சுருள்.
நடுவில் ஒரு கடிதம்,
உடைந்த ஆங்கிலத்தில், விலையோடு.

இஸ்ஸதீன் ஹாஜியார் கத்தவில்லை.
அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.
காபன் தாள் பில் புத்தகங்களைச்
சாக்கில் கட்டி இறக்குவித்தார்.
மூன்று கிழமை
மங்கின நீல எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து
நானும் நிரூபனும் வாசித்தோம்.
ஒன்றா ஏழா என்று
சில கடைகளோடு இன்னமும் இழுபறி.

இந்த வீட்டுக்கும் ஒருவர் வந்தார்.
மின்சார சபைச் சட்டை, கையில் கொப்பி.
"மீட்டர் பார்க்கோணும் மிஸ், கதவைத் திறவுங்கோ."
எங்கள் மீட்டர்கள் கீழே, படிக்கட்டடியில்,
பதினாறும் வரிசையாய்.
சங்கிலியைக் கழற்றாமல் அட்டையைக் கேட்டேன்.
சட்டைப்பையைத் தட்டினார்.
மற்றப் பையையும் தட்டினார்.
"வானுக்குள்ள கிடக்கு" என்று இறங்கினவர்
இறங்கினவர்தான்.

அட்டை கேட்க எனக்கு ஒருவரும் பழக்கவில்லை.
லொட்ஜ் அறையில் நடுச்சாமம்,
தெஹிவளைப் பாலத்தடியில் பஸ்ஸால் இறக்கி,
என்னிடம் கேட்டார்கள், கேட்டார்கள்.
எங்கே பிறந்தாய், ஏன் வந்தாய்,
எத்தனை நாள் நிற்பாய், யார் பொறுப்பு.
அவர்கள் போய்விட்டார்கள்.
கேள்விகளை நான் வைத்திருக்கிறேன்.

ஆகவே, சிவப்பு மணிக்கூட்டுக்காரரே,
எங்கேயிருந்து வந்தனீர்?
முகவரியை எழுத்தெழுத்தாய் வாசிக்கிறேன்:
தெரிந்த பெயர், பிறகு ஒரு கோடு,
கோட்டுக்குப் பின்னால் தெரியாத பெயர்,
வாலில் நான் கேள்விப்படாத இரண்டு எழுத்து.
யார் உமக்குப் பொறுப்பு?
என்னுடைய உலாவிக்கு வருத்தமென்றால்
டொலர் விற்கிறவன் வாசலில் நின்றா
எனக்குச் சொல்லி அனுப்பும்?

ஆறு நிமிடம். ஐந்து.
மூடினேன்.
"நிச்சயமாகவா?" என்று காலை வைத்து மறித்தது.
நிச்சயமாக.

பிறகு நானே
அமைப்புகளுக்குள் இறங்கி,
படிக்கட்டடிக்குப் போகிற மாதிரி,
கடைசி வரிவரை போய்ப் பார்த்தேன்.
உலாவி புதிய பதிப்பில்தான் இருந்தது.
செவ்வாய்க்கிழமையே தன்பாட்டில் மாறியிருந்தது,
சத்தம் போடாமல்.

மூட முதல் எடுத்த படத்தை
நிரூபனுக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு. நெடுநேரம் பதிலில்லை.
பிறகு அழைப்பு வந்தது.
"அக்கா, இது உண்மையா நீங்கள்தான் அனுப்பினதோ?
திறக்கலாமோ?"

ஓமடா.
நாளைக்கு வற். நேரத்துக்கு வா.