பதினோராவது சுற்று

அட்ராக்டா கில்ஹூலியின் வாக்குகளை
ஆறு தேர்தல்களில் எண்ணியவன் நான்.
நகராட்சி எழுத்தன்; கட்டைவிரலுக்கு ஈரப் பஞ்சு.
சீட்டில் அவள் பெயர் நடுவில் வரும்.
மேலே ஒரு ஃபினெகன், கீழே ஒரு ஹார்கின்,
இருவரும் சவப்பெட்டி வியாபாரிகள்.

எங்கள் ஊரில் ஒரு பெயருக்கு முத்திரை குத்திவிட்டு
வீட்டுக்குப் போய்விட முடியாது.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
மனசை வரிசைப்படுத்தவேண்டும்.
தோற்றவனுக்கு விழுந்த வாக்கும் சாவதில்லை,
அடுத்த பெயருக்குக் குடிபெயரும்.
அட்ராக்டா அப்படித்தான் ஜெயிப்பாள்:
முதல் சுற்றில் ஆறாமிடம்,
நள்ளிரவு தாண்டி
மற்றவர்களிடமிருந்து உதிர்ந்த வாக்குகளில்
கடைசி நாற்காலி.

பதினைந்து வயதில் சட்டைத் தொழிற்சாலை.
காலர் தைத்தவளுக்கு
அதை மடித்து அடுக்கியவன் கூலியில் பாதி.
இருபதில் ஒருநாள் மின்விசையை அணைத்துவிட்டு
மேசைமேல் ஏறினாளாம்.
என்ன பேசினாள் என்று யாருக்கும் நினைவில்லை.
நாற்பது இயந்திரங்கள் ஒன்றாக அடங்கியதுதான்
ஸ்லைகோவில் இன்னும் சிலர் காதில் இருக்கிறது.

ஞாயிற்றுப் பூசையில் பாதிரியார்
பெயர் சொல்லாமல் வைதார்.
மூன்றாவது வரிசையிலிருந்து இவள்,
"பெயரையும் சொல்லிவிடுங்கள், ஃபாதர்."

புனித அஸிகஸ் குடியிருப்பின் சுவர்த்தாளை
பூஞ்சையோடு உரித்து
ரொட்டிப் பையில் மன்றத்துக்குக் கொண்டுவந்தாள்.
மேயரின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்து
"முகர்ந்து பாருங்கள்,
பிறகு தீர்மானத்தைப் படிக்கிறேன்" என்றாள்.
வீடுகளைப் பழுதுபார்க்க நான்கு வருடம் ஆயிற்று.
மேயர் ஒரு மாதம் இருமினார்.

கட்சி கூட்டணி ஆட்சியில் ஏறிய வாரம்
இவள் கட்சியிலிருந்து இறங்கினாள்,
தடம் மாறிய பேருந்திலிருந்து இறங்குவதுபோல,
ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு.

தண்ணீருக்கு மீட்டர் பொருத்த ஆட்கள் வந்தபோது
நடைபாதையில், குழாய் மூடிமேல்
மடக்கு நாற்காலி போட்டு
முட்டை சாண்ட்விச் தின்றாள்.
பதினொரு நாள் சிறை.
வெளியே வந்ததும் முதல் வேலையாக
அங்கே குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனுப் போட்டாள்.

எல்லாம் எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன்.
குரல் அதிகம். கணக்கில் செலவுப் பக்கத்தையே பார்ப்பாள்.
ஒரே மகன் பெர்த்துக்கு விமானம் ஏறிய காலையில்
யாரோ ஒருத்தியின் வீட்டுவாசலில்
ஜப்திக்காரரை மறித்து நின்றாள்.
மகன் இதுவரை திரும்பவில்லை.

இந்தமுறை, பதினோராவது சுற்றில்,
மூன்று வாக்கு குறைவு.
உள்விளையாட்டு அரங்கம். கூரை ஒழுகி
கூடைப்பந்துக் கோட்டின்மேல் ஒரு வாளி.
செல்லாத சீட்டுகளை மேசையில் பரப்பினோம்.
அவற்றில் ஆறில், அவள் பெயருக்கு நேரே
எண் இல்லை, எழுத்து.
"கொதிகலனுக்கு நன்றி."
"என் பையன் படிவத்தை இவள்தான் நிரப்பினாள்."
ஒன்றில் வெறுமனே, "இவள்."
எண் இல்லையென்றால் விருப்பம் இல்லை.
சட்டம் அப்படி.

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு
ஆறையும் படித்தாள், அவசரமில்லாமல்.
"கழுதைகளா," என்றாள்,
"ஒரு கோடு கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"
குரல் எங்கோ தட்டியது.
உடனே மேசையைக் குத்தி,
"திரும்ப எண்ணுங்கள்!"

எண்ணினோம். விடிகாலை நாலு மணி.
மூன்று, நான்கு ஆயிற்று.

போகும்போது ரப்பர் வளையங்களைக் கேட்டாள்,
துண்டறிக்கை கட்ட ஆகுமாம்.
அரசாங்கச் சொத்து.
அவள் சிவப்புக் கோட்டின் பையில்
இரண்டு கை அள்ளிப் போட்டேன்.
வாசலில் நின்று கூரையைக் காட்டி
"இதற்கு யார் பொறுப்பு?" என்றாள்.
"திங்கட்கிழமை வருகிறேன்."

ஆறு தேர்தலிலும் அவளுக்கு நான் போட்டது
ஐந்தாம் எண்.
என் ஒன்றாம் எண்காரர் ஒருபோதும் தோற்றதில்லை.
என் ஐந்து
அவள்வரை நடந்துபோனதே இல்லை.