பதினாலுக்கு ஒன்பது

திருத்துறைப்பூண்டி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஒரு கம்ப்யூட்டர், ஒரு கட்டிங் மெஷின், நான்.
மேட்டூர் திறந்து முப்பத்தொன்பதாம் நாள்
கடைமடைச் சங்கத்தார் நாலு பேர் வந்து
நாலாயிரம் அஞ்சலட்டை கேட்டார்கள்.
தஞ்சாவூர்ப் பொறியாளருக்கு. இரண்டு கலரில்.

வெடித்த வயலை விளிம்புவரை ஓடவிட்டேன்.
எனக்கே கர்வமாக இருந்தது.
உத்திராபதி மடியை அவிழ்த்து
போன சம்பாவில் கருகிய கதிர் ஒன்றை எடுத்தார்.
"அட்டைக்கு ஒண்ணு இப்படி ஒட்டிவிடலாமா?"

தபாலாபீஸ் கவுன்ட்டரில் பௌசியா பேகம்
ஸ்கேலை வைத்தார்.
நீளம் பதினாலு, அகலம் ஒன்பது, அதற்கு மேல் இல்லை.
விரலால் வளைத்து, "இந்தத் தாள் துவளுதே" என்றார்.
வலது பாதி முகவரிக்கு.
அங்கே வானம்கூட வரக் கூடாது.
ஒட்டியது எதுவும் மெஷினில் மாட்டும் என்று
கதிரைத் திருப்பித் தந்தார்,
ஒரு பழைய பாரத்தில் மடித்து.

கடைக்கு வந்து
வானத்தை எடுத்தேன். பனைமரத்தை எடுத்தேன்.
நடுவில் ஒரு கோடு போட்டேன்.
கோட்டை நகர்த்தினால் என்ன நடக்கும் என்று
இந்த ஜனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்,
வரப்புத் தகராறில் பாதிப்பேர் கோர்ட்டில்.
பின்கோடுக்கு ஆறு கட்டம், ஆறு பாத்தி.
ஒன்றின் எண் அடுத்ததில் வழியக் கூடாது.

மூன்றாவது மாதிரிக்குத் தலையாட்டிய பிறகுதான்
பௌசியா கேட்டார்,
"சேதியும் அச்சா?
அச்சுன்னா வேற ரேட்டு. பல மடங்கு.
கையால எழுதினா அம்பது காசு."

சங்கத்தின் பணத்தை என் மேசையில்
இரண்டு தடவை எண்ணினோம்.
இரண்டு தடவையும் அதே தொகை.

ஆகவே சேதியையும் எடுத்தேன்.
பதினோரு வரி, மூன்று ஆச்சரியக்குறி,
நான் உட்கார்ந்து திருத்திய சந்திப் பிழைகள்.
மிஞ்சியது ஒரு கோடு, ஆறு கட்டம்,
தலை ஒட்ட ஒரு மூலை.
பௌசியா இழுப்பறையைத் திறந்து
மஞ்சள் அட்டை ஒன்றை நகர்த்தினார்.
ஒரு கோடு. ஆறு கட்டம். தலை அச்சாகவே இருந்தது.
மூன்று நாள் வெட்டி வெட்டி
நான் வந்து சேர்ந்த டிசைன் அதுதான்.

நாலாயிரம் இருப்பு இல்லை.
மன்னார்குடி, முத்துப்பேட்டை எல்லாம் துழாவி
அறுநூற்றுப் பன்னிரண்டு.
எனக்கு பில் இல்லை. டீ வாங்கித் தந்தார்கள்.

கடை வாசலில், பைக் சீட்டில், முதுகை வளைத்து எழுதினார்கள்.
ஒருவர் வயல் சர்வே எண்ணோடு ஆரம்பித்தார்,
இடம் தீர்ந்துவிட்டது.
அஞ்சம்மாள் எழுதியது: தண்ணி வரல்ல.
கீழே கையெழுத்து, அட்டையில் பாதி.
ஒரு பையனுடைய வரி கோட்டைத் தாண்டி
தஞ்சாவூர்வரை போய்விட்டது.
"பொறியாளர்ங்கற எழுத்தைத் தொடலைல்ல, போகட்டும்,"
பௌசியா முத்திரையைக் குத்தினார்.

சாயங்காலத் தபால் வண்டி மேற்கே போனது,
தண்ணீர் வர வேண்டிய திசைக்கு.

ஷட்டரை இறக்கும்போது பார்த்தேன்.
மேசையில் மடித்த பாரம். கதிர்.
ஸ்கேலை வைத்து அளந்தேன்.
பன்னிரண்டரை.
அட்டைக்குள் அடங்கும்.