பின்னால தெரியிறது என்ன விலை?

ஞாயிறு இரவு ஒன்பது மணி, வூப்பெற்றால்.
கைபேசியை அரிசிப் பேணியில் சாய்த்து வைக்கிறேன்.
பதினேழு பேர். இருபத்தொன்று. வணக்கம், வணக்கம்,
குரல் கேட்குதோ, கேட்டால் ஒருக்கால் இதயம் தட்டுங்கோ.

இது வாஃபிள் சுடுகிற இரும்பு.
மேல்மாடி லிண்ட்னர் அம்மா
பராமரிப்பு இல்லத்துக்குப் போன அன்று
படியில் வைத்துவிட்டுப் போனது.
ஒரு தடவைக்கு ஐந்து இதயம் சுடும்.
ஐந்தாவதில் ஒரு கீறல். இஞ்ச பாருங்கோ, கிட்டக் காட்டுறன்,
பொய் சொல்லி விற்கிற ஆள் இல்லை நான்.
ஆறு யூரோ. தபால்செலவு தனி.

ஒருவரும் வாஃபிளைக் கேட்கவில்லை.
'அக்கா, பின்னால தெரியிற மணிக்கூடு என்ன விலை?'
அது விற்கிறதுக்கு இல்லை என்றேன்.
'ஏழு நிமிசம் பிந்தி ஓடுது. பத்துத் தரலாம்'
என்றது பாரிசிலிருந்து ஒரு மயில் படம்.

பிந்தி ஓடுவது எனக்கே தெரியாது.
பன்னிரண்டு வருசமாய் அதைப் பார்த்துப் பார்த்துத்தான்
பஸ்ஸின் முதுகைப் பார்த்திருக்கிறேன்.
பத்துக்கே கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு ஜன்னல் சீலை போனது.
அதற்கடுத்தது சப்பாத்துத் தட்டு,
சப்பாத்துகளை நிலத்தில் கொட்டிவிட்டுப் பொதி கட்டினேன்.
சீலை இல்லாத ஜன்னலில் தொங்குரயில் வெளிச்சத்தோடு போக
ஒருத்தி கேட்டாள்: 'அந்த ரயில்?'
நீங்களே வந்து கழற்றிக்கொண்டு போகவேணும் என்றேன்.

பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.
விற்கவேண்டியதை மேசையில் வைப்பதில்லை.
பின்னால், அலுமாரிக் கதவுக்குப் பாதி மறைவில்,
ஏதோ என் சொந்தச் சாமான் போல,
மறந்துபோய் விட்டது போல வைக்கிறேன்.
கையில் ஏதாவது ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு
கரண்டியைப் பற்றியே கதைக்கிறேன்.
வாஃபிள் இரும்பு நாலு நிமிசத்தில் போனது,
பதினெட்டு யூரோவுக்கு, கீறலோடு.
லிண்ட்னர் அம்மாவின் நீலப்பூக் கோப்பைகளுக்கு
லண்டனும் சூரிச்சும் சண்டை.

ஆனால் சோபாவை நான் அப்படி வைக்கவில்லை.
அது எப்போதும் அங்கேதான் கிடக்கும்.
அதில் இவரும்தான்.
பேக்கரியில் இரவு வேலை, பதினொன்றுக்குப் போகவேணும்,
அதுவரைக்கும் வாயைத் திறந்தபடி நித்திரை.
சித்தன்கேணிச் சிங்கம் என்ற பெயரில் ஒருவன் எழுதினான்:
'சோபா அறுபது. மேல படுத்திருக்கிற சாமானும் சேர்த்தோ?'

சிரிப்பு முகங்கள் திரை நிறையக் கொட்டின.
எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாய் சும்மா இருந்ததா?
பழைய சாமான் தம்பி, இரவில சத்தம் போடும்,
வாங்கினால் திருப்பி எடுக்கமாட்டன்.

இவருடைய கால் பெருவிரல் அசைந்ததைக் கண்டேன்.
கண் திறக்கவில்லை.

பத்தேமுக்காலுக்குச் சப்பாத்துக் கட்டும்போது,
தட்டு இல்லாததால் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு,
குனிந்தபடியே கேட்டார்:
'எவ்வளவு மட்டும் கேட்டவன்?'
அறுபது.
'ம்.'
மற்றச் சப்பாத்தையும் கட்டினார்.
'குடுத்திருக்கலாம்.'

அந்தக் கிழமை முழுக்க
எதைக் குடுத்திருக்கலாம் என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
பாண் மட்டும் வழமைபோல விடிய மேசைக்கு வந்தது.

இந்த ஞாயிறு நூற்றுநாற்பது பேர்.
திரையில் என் தோளுக்குப் பின்னால் இவர்.
தலை இழுத்திருக்கிறார். கலியாண வீட்டுச் சேட்டு.
சோபாவின் நடுவில் நிமிர்ந்து இருந்து
கடவுச்சீட்டுப் படத்துக்குப் போல நேரே பார்க்கிறார்.
'அண்ணைக்கு இண்டைக்கு நித்திரை இல்லையோ?'
'கிருபை அண்ணை, வணக்கம்!'
சோபாவின் விலையை ஒரு குஞ்சும் கேட்கவில்லை.
கரண்டியோடு நான் என்ன கதைத்தேன் என்று எனக்கே நினைவில்லை.

கடைசியில் அந்தப் பாரிஸ் மயில்தான்:
'அக்கா, சுவரில வெள்ளையா ஒரு வட்டம் தெரியுது, அது என்ன?'

நான் வாய் திறக்க முன்னமே
பின்னாலிருந்து குரல் வந்தது:
'ஏழு நிமிசம்.'

தபால்செலவு தனி என்றேன்.