கோபாலபுரம் செக்போஸ்டில் ஹெங்கிஸ்ட்

இரவு இரண்டேகால். வைக்கோல் லாரியொன்று
பூவரச மரத்தைச் சீவிக்கொண்டு போனது.
கால்நடைப் பதிவேட்டின் மேலேயே
அஞ்சல்வழிப் பாடநூலை விரித்தேன்.
தாள் நான்கு, இங்கிலாந்து வரலாறு, அலகு ஒன்று.
விடிந்தால் பொள்ளாச்சியில் பரீட்சை.

முதலில் வருகிறார்கள் அண்ணனும் தம்பியும்
மூன்று படகில். ஹெங்கிஸ்ட், ஹோர்சா.
ஒரு பெயருக்குப் பொருள் பொலிகுதிரை,
இன்னொன்றுக்கு வெறும் குதிரை.
கை பழக்கத்தில் எழுதிவிட்டது:
குதிரை - 2. தடுப்பூசிச் சான்று - இல்லை.
திருப்பி அனுப்பவும்.

கொஞ்சம் தாமதம்தான், ஆயிரத்து ஐந்நூறு வருஷம்.
அன்றைக்கு யாரும் திருப்பி அனுப்பவில்லை.
அழைத்ததே உள்ளூர் ராஜாவாம்:
வடக்கே எதிரித் தொல்லை, வந்து காவல் இருங்கள்,
சோறும் துணியும் என் பொறுப்பு.
இருந்தார்கள்.
சோறு போதவில்லை என்றார்கள்.
அப்புறம் நாடு போதவில்லை.

இதைச் சொன்னபோது சாமுண்ணி சிரிக்கவில்லை.
போன மழைக்கு முந்தின மழையில் ஒதுங்கி நின்றவனை
நாங்கள்தான் கூப்பிட்டோம்,
'கேட்டை ஒரு கண் பார்த்துக்கோ,
டீ குடிச்சிட்டு வந்திடறோம்.'
இன்று எங்கள் ஜெனரேட்டர் அறையில் அவன் டீக்கடை.
மின்சாரம் எங்களுடையது, கடன் நோட்டு அவனுடையது.
என் பெயருக்கு நேரே நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

பக்கம் பதினொன்றில் போர்ட் என்று ஒருவன்.
இரண்டு கப்பல், இரண்டு மகன்,
இறங்கிய இடம் போர்ட்ஸ்மவுத்.
ஊர்ப்பெயர்தான் மூத்தது, ஆளை அப்புறம் செய்தார்கள்
என்று அடிக்குறிப்பு கிசுகிசுக்கிறது.
அந்தக் கணக்கில் பொள்ளாச்சியை ஆண்டவன் பொள்ளாச்சன்.
கொழிஞ்சாம்பாறையில் கொழிஞ்சன்.
வாளையாரை ஆண்டவன் யாரோ,
வரிசையில் நிற்கவைத்தே கொன்றிருப்பான்.

செர்டிக், மேற்குச் சாக்சன்களின் முதல் மன்னன்.
பெயர் மட்டும் எதிராளிகளின் பாஷையில்.
பேராசிரியர்களுக்கு இது பெரிய புதிர்.
லாரிக்காரர் திருமூர்த்தியை அவர்களுக்குத் தெரியாது.
மலையாளத்தில் திட்டுவார், தமிழில் கும்பிடுவார்,
ரேஷன் எந்தப் பக்கம் என்றால்
இருமிக்கொண்டே இன்ஜினைக் கிளப்புவார்.

பெரும்பாலான வம்சாவளியும் வோடனில் போய் முடிகிறது.
வோடன் சாமி; புதன்கிழமை அவன் கிழமை.
இத்தனை அரசுக்கும் ஒரே முப்பாட்டன்,
பங்காளிகள் கழுத்தறுப்பு மட்டும் ஓயவில்லை.
சான்றிதழ் எழுதிக்கொடுக்க
அன்றும் ஒரு வி.ஏ.ஓ. இருந்திருக்கிறார்.

பிறகு எத்தல்கள். எத்தல்பெர்ட், எத்தல்பிரித்,
எத்தல்வால்ட், எத்தல்ஹியர் (கொட்டாவி).
எத்தல் என்றால் உயர்குடி என்கிறது நூல்.
எங்கள் பக்கம் எத்தன் என்றால் வேறு.
இருவருக்கும் ஒரே விடை எழுதினாலும்
பாதி மார்க்காவது தருவார்கள்.

இந்த எத்தல்பெர்ட், ரோமிலிருந்து வந்த துறவிகளை
வீட்டுக்குள் விடவில்லை.
கூரைக்குக் கீழே மந்திரம் பலித்துவிடுமாம்,
வெட்டவெளியில் பலிக்காதாம்.
டெய்சி மேடமும் விஜிலன்ஸ் வந்தால்
ரோட்டோரம்தான் நாற்காலி போடச் சொல்வார்.

ரெட்வால்ட் ஞானஸ்நானம் வாங்கி ஊர் திரும்பினான்.
மனைவி முறைத்தாள்.
ஒரே கோயிலில் கிறிஸ்துவுக்கு ஒரு பீடம்,
பழைய சாமிகளுக்குச் சின்னதாக இன்னொன்று.
வரலாறு எழுதிய துறவிக்குப் பொறுக்கவில்லை.
திருமூர்த்தியின் டேஷ்போர்டை அவர் பார்த்திருக்க வேண்டும்:
மாசாணியம்மன், ஐயப்பன், வேளாங்கண்ணி மாதா,
ஓரத்தில் 786.
பிரேக்தான் சரியில்லை.

நாலே முக்கால். ஹாரன்.
மினி லாரியில் தார்ப்பாய்க்கு மேலே நான்கு காதுகள்.
தத்தமங்கலம் வேலைக்குக் குதிரை, சார். ரெண்டு.
ஒன்று பொலி. மற்றது அதன் தம்பி.
சான்று இருந்தது. சீல் இருந்தது.
'மூணே நாள் சார், முடிஞ்சதும் திரும்பிடுவோம்.'

பொலிகுதிரை கேட்டை ஒரு கண் பார்த்தது.
பதிவேட்டில் குதிரை இரண்டு என்று
ஏற்கெனவே எழுதியிருந்தது.
'திருப்பி அனுப்பவும்' என்பதை மட்டும் அடித்தேன்.

சாமுண்ணி டீயை நீட்டினான்.
நானூற்று இருபத்து நான்கு.