துணைக்கு வருபவர்

மூன்று நாளாக எனக்கும் விதைக்கும் பேச்சு இல்லை.
கறுப்பு ரை ரொட்டி கூடாது, வெள்ளரி கூடாது,
தக்காளியின் வழவழத்த நடுப்பாகம் கூடாது.
செப்டம்பர். ஹீயுமா தீவின் காடு முழுக்கச்
சிவப்புப் பெர்ரி காலடியில் நசுங்குகிறது.
அதுவும் கூடாது. விதைக்காக ஒரு தரம்,
நிறத்துக்காக இன்னொரு தரம்.
சிவப்பாக எதைக் குடித்தாலும்
உள்ளே போகிற கேமரா ரத்தம் என்று நினைத்துவிடுமாம்.

இன்று காலையிலிருந்து வடிகட்டிய கோழிச்சாறு,
தெளிந்த ஆப்பிள் ரசம், மஞ்சள் ஜெல்லி.
முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி
பிள்ளைகளின் வாந்தி துடைத்தவள் நான்.
வயிறு எனக்குப் புதிதில்லை.
மருத்துவமனைத் தாளில் எல்லாம் நிரப்பிவிட்டேன்,
மாத்திரை, ஒவ்வாமை, கட்டிய பல்.
ஒரு கட்டம் மட்டும் ஒரு வாரமாக வெறுமையாய்க் கிடந்தது:
மயக்கம் தெளிந்தபின்
உங்களை வீட்டுக்கு அழைத்துச் செல்பவர் பெயர்.

மகன் நார்வேயில், கடலில், எண்ணெய் மேடையில்.
தங்கைக்கு இருட்டில் சாலை தெரியாது.
நாய் இருக்கிறது. நாய்க்கு உரிமம் இல்லை.

கதவைத் தட்டியவள் க்யூல்லி.
எண்டெல் என்னை விட்டுப் போய்க் கட்டிக்கொண்டவள்.
கடையில் அவள் தலை தெரிந்தால்
உப்பு வாங்கப் போன நான்
சோப்பு வரிசைக்குத் திரும்பிவிடுவேன், பதினெட்டு வருடமாக.
"தபால்காரி சொன்னாள்" என்றாள்.
தீவில் குடலுக்குக்கூட ரகசியம் கிடையாது.
கையில் இரண்டு எலுமிச்சை, ஸ்ட்ரா,
ஒரு டப்பா வாசலீன்.
"இது எதற்கு?"
"நாலாவது தடவை தெரியும்."

ஆறு மணிக்கு முதல் லிட்டர்.
ஆரஞ்சுச் சுவை என்கிறது பொட்டலம்.
கடல்நீரின் காதில் யாரோ
ஆரஞ்சு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.
ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை.
"என் குடல் கெட்டிக்காரி" என்றேன்.
சொன்ன வாயை மூடவில்லை.

அப்புறம் நான் ஒரு குழாய்.
நாலாவது தடவை தெரிந்தது.

இரவு ஒன்றரைக்கு இரண்டாம் லிட்டர்.
மூன்று தம்ளர் போனது. அடுத்ததில் தொண்டை அடைத்தது.
கழுவுதொட்டியைப் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"எண்டெல் ஊற்றினான்.
பாதிக்கு மேல். ஊற்றிவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான், குடித்தவன் மாதிரி.
கதவிடுக்கில் பார்த்தேன்.
பாவம், குமட்டுகிறதே என்று விட்டுவிட்டேன்.
மறுநாள் உள்ளே எல்லாம் கலங்கல், ஒன்றும் தெரியவில்லை என்றார்கள்.
அடுத்த தேதி ஏப்ரலில்.
ஏப்ரலுக்குள்"

ஸ்ட்ராவின் கழுத்தை மடக்கினாள்,
நிமிர்த்தினாள், மடக்கினாள்.

நான் அழுதது அவனுக்காகவா
அந்தத் தம்ளருக்காகவா, தெரியவில்லை.
குடித்தேன்.
அவளும் ஒரு வாய் எடுத்தாள். முகம் கோணியது.
"அவனைக் குற்றம் சொல்ல முடியாது" என்றாள்.

மூன்றரை மணிக்குத் தெளிந்தது, வெளிர் மஞ்சளாய்.
கிணற்றில் விழுந்த சாவியைத் தேடுகிறவர்கள் போல
இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
"பீங்கானில் கம்பெனிப் பெயர் படிக்க முடிகிறது,
போதும்."

ஆறு மணிக் கப்பல்.
வால்வோ இருக்கையில் மூன்று துண்டு விரித்திருந்தாள்.
கப்பலில் கழிவறை வாசலில் கைகட்டி நின்று
தூக்கக் கலக்கத்தில் வந்த லாரிக்காரனிடம்
"பழுது" என்றாள். அவன் திரும்பிப் போனான்.

தாலின். கண்ணாடிக்குப் பின்னால் பேனாவோடு ஒரு பெண்.
"இவருக்கு நீங்கள் என்ன உறவு?"
சக்களத்திக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.
சண்டை போட ஆளும் இல்லை இப்போது.
க்யூல்லி என் பக்கம் திரும்பி
ஏதோ கேட்க வாயெடுத்திருப்பாள் போல.
அதற்குள் நான்
நடைபாதையில் பாதி தூரம் போயிருந்தேன்.