ஒற்றைக் குழாய்

குவாய்மாஸ் துறையில் ஆகஸ்ட் மாதம்
படகுக்குள் உறங்குவது
மூடிபோட்ட சட்டியில் படுப்பது.
நீளம் இருபத்தாறு அடி.
அதில் மனிதருக்கு மிஞ்சுவது
எதிரெதிரே இரண்டு பலகை, ஓர் அடுப்பு,
நிமிர்ந்தால் நெற்றியைக் கேட்கும் கூரை.
எஞ்சின் சரிபார்த்த கூலிக்குப் பதிலாக
யாரோ விட்டுப்போன படகு.
பெயர் தெர்கா. பிடிவாதக்காரி என்று பொருள்.
பெயர் வைத்தவர் என்னைப் பார்த்ததேயில்லை என்றால்
எவரிஸ்தோ நம்ப மறுக்கிறான்.

முதலில் ஐஸ் பெட்டி.
தெர்மாகோல் மூடியில் இரண்டு ஓட்டை போட்டு
ஒன்றில் சின்ன மின்விசிறியைச் செருகினான்.
எட்டுக் கிலோ ஐஸ்
நாற்பது நிமிடம் நல்ல பெயர் எடுத்தது.
அப்புறம் ஈரம்.
ரொட்டி பூஞ்சை பூத்தது,
தீக்குச்சித் தலை உரசினால் மாவாய் உதிர்ந்தது,
தலையணையைப் பிழிந்து காயப்போட்டேன்.

மேல்திறப்பின் மீது உட்காரும் ரகம் ஒன்று உண்டு.
விலை கேட்டோம்.
கேட்டதற்குக் காசு வாங்கவில்லை,
அந்த மட்டும் நல்ல மனிதர்கள்.

எம்பால்மேயில் ஒரு பல் மருத்துவர் கடையை மூடினார்.
அவரிடமிருந்து வந்தது இது.
இடுப்புயரம், நான்கு சக்கரம்,
யானைத் தும்பிக்கை போல் ஒரு குழாய்.
படகில் சக்கரம் எங்கே உருளும்?
கயிறு கட்டி மூன்று பேர் இறக்கினோம்,
பிரசவம் பார்ப்பது போல, தலைகீழாக.
குழாயை மேல்திறப்பு வழியே நீட்டி
மீதி இடைவெளியை
என் பழைய யோகா விரிப்பை வெட்டி அடைத்தேன்.

வாங்கிய பிறகுதான் புரிந்தது
ஒற்றைக் குழாயின் குணம்.
அறைக் காற்றையே அள்ளி வெளியே துப்பும்.
துப்பிய அளவுக்கு வெளிச்சூடு
கதவிடுக்கில், ஆணித் துளையில்,
நங்கூரச் சங்கிலி போகும் பொந்தில்
விருந்தாளியாய் நுழையும்.
இந்தக் கையால் கொடுத்து
அந்தக் கையால் பிடுங்குகிற இயந்திரம்.
இரட்டைக் குழாய் வைத்ததும் இருக்கிறதாம்.
இருக்கட்டும்.

முதல் இரவு பதினொன்றுக்குப் பிரேக்கர் விழுந்தது.
துறைமேடை முழுக்க இருட்டு.
எங்களுக்கும் பக்கத்துப் படகு உபால்தோவுக்கும்
ஒரே மின்கம்பம்.
அவருடைய உறைபெட்டியில் தூண்டில் இரைக்குக் கணவாய்.
கத்தவில்லை மனிதர்.
வாசலில் குனிந்து நின்று
சொட்டும் கணவாய் ஒன்றை டார்ச் வெளிச்சத்தில்
எங்கள் மூக்கருகே தூக்கிக் காட்டினார்.
அதுதான் பேச்சுவார்த்தை.
பத்திலிருந்து இரண்டு வரை எங்களுக்குக் குளிர்,
பிறகு கணவாய்க்கு.

மே மாதத்திலிருந்து
ஆளுக்கொரு பலகையில் கிடந்தோம்.
தெரியாமல் கால் பட்டால்கூட
'தள்ளு, சுடுகிறாய்' என்பான்.
நான் சொன்னவை இங்கே வேண்டாம்.
ஒப்பந்தத்தின் முதல் இரவு, ஒரு மணி இருக்கும்,
அவன் பலகையிலிருந்து குரல்:
'போர்வை எங்கே வைத்தாய்?'

மிதவை உடுப்புகளுக்கு அடியில் கிடந்தது,
பிப்ரவரி மணத்தோடு.
ஒன்றுதான் இருக்கிறது என்றேன்.
அது உண்மையல்ல.

ஒன்று ஐம்பதுக்கு அலாரம்.
இன்னும் பத்து நிமிடம் என்றான்,
பள்ளிக்கூடப் பையன் போல.
இரண்டுக்குக் கையை நீட்டி அணைத்தேன்.
படகு முழுக்க ஒரு வெற்றிடச் சத்தம்.
அப்புறம் பக்கத்தில் உபால்தோவின் பெட்டி
இருமிக்கொண்டு எழுந்தது.
அடைத்த விரிப்பின் ஓரமாய்
வெயில் இல்லாத நேரத்து வெப்பம்
ஒவ்வொரு படியாக இறங்கியது.
போர்வை ஒட்டியது. கழுத்து வேர்த்தது.
தள்ளு என்று
யாரும் சொல்லவில்லை.

காலையில் வாளியில் மூன்று லிட்டர் தண்ணீர்.
இரவெல்லாம் நாங்கள் விட்ட மூச்சும்
கடல் விட்ட மூச்சும், பிரித்தறிய வழியில்லாமல்.
எவரிஸ்தோ அதைக் கடலில் கொட்டப் போனான்.
பிடுங்கி
பெயின்ட் டப்பாவில் வாடிக் கிடந்த
சில்தெபின் மிளகாய்ச் செடிக்கு ஊற்றினேன்.
உப்பில்லாத தண்ணீர்.
எப்படித் தெரியுமென்றால்,
நக்கிப் பார்த்தேன்.