ஊசி இல்லை

அந்த வருடம் எங்கள் அலுவலகச் சுவரில்
அதிபரின் படம் ஐந்து முறை மாறியது.
ஆணி அதேதான்.
ஏணியைப் பிடிப்பது என் வேலை.
ஏறுவது காவலாளி பசீலியோ.
மூன்றாவது படத்துக்கு அவன்
கண்ணாடியைத் துடைக்கக்கூட இல்லை.

சாந்தியாகோ. முப்பத்திரண்டு.
அரசாங்க அடகுக் கடையின் இரண்டாம் ஜன்னலில்
நான் மதிப்பீட்டு எழுத்தன்.
கம்பளிக் கோட்டு, பதினொரு பெசோ.
வெள்ளி முலாம் கரண்டி ஆறு, நான்கு பெசோ.
கல்யாண மெத்தை, கறை உண்டு, எட்டு.
நகை வருவது போன வருடமே நின்றுவிட்டது.

வடக்கே பாலைவனத்தில்
வெடியுப்புச் சூளைகள் ஒவ்வொன்றாய் அணைய
ரயில் ரயிலாய் வந்து இறங்கினார்கள்.
உதடு வெடித்த ஆண்கள்,
மழையைக் கண்டு வீறிட்ட குழந்தைகள்.
பழைய கிடங்குகளில் வைக்கோல் விரித்தார்கள்.
பேனுக்குப் பயந்து
எல்லோருக்கும் மொட்டை அடித்தார்கள்.

தொமித்திலா என் ஜன்னலுக்கு வந்தபோது
தலையில் துணி கட்டியிருந்தாள்.
முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்தாள்:
கம்பெனி முத்திரை குத்திய கூலி வில்லைகள்.
அந்தக் கம்பெனியின் கடையில் மட்டும்தான் அவை காசு.
அந்தக் கடையில் இப்போது மணல்தான் சரக்கு.
சட்டைக்குப் பொத்தானாய்த் தைக்கலாம் என்றேன்.
சிரிக்க வைக்கச் சொல்லவில்லை.
நானே சிரித்தும்விட்டேன்.

பிறகு தையல் மெஷினைத் தூக்கி மேடைமேல் வைத்தாள்.
கறுப்பு உடல், கையால் சுற்றும் சக்கரம்,
பொன் பூவேலை பாதி தேய்ந்தது.
எழுதினேன்: ஊசி இல்லை.
முப்பதில் இரண்டைக் குறைத்தேன்.
வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டாள்.

ஜூனில் ஒரு சனிக்கிழமை
தலைக்கு மேல் விமானங்கள். காகிதம் பொழிந்தது.
ராத்திரிக்குள் ராஜ்ஜியம் மாறிவிட்டது.
பன்னிரண்டு நாள் நின்ற ராஜ்ஜியம்.
அவர்கள் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை.
எங்கள் கடைக்கு வந்த உத்தரவு மட்டும் மனப்பாடம்:
தையல் மெஷின்களையும் தொழில் கருவிகளையும்
காசு கேட்காமல் திருப்பிக் கொடு.

விடியும் முன்னே வரிசை ஆற்றுப் பாலம்வரை.
வானத்திலிருந்து விழுந்த காகிதத்தை
ஓட்டைச் செருப்புக்குள் மடித்து வைத்துக்கொண்டு
குளிரில் நின்றார்கள்.
சீட்டைப் பார்த்தேன், கொடுத்தேன், பார்த்தேன், கொடுத்தேன்.
பசீலியோவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

தொமித்திலாவுக்கு முடி விரற்கடை வளர்ந்திருந்தது.
மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடவில்லை.
கழுத்துப் பட்டியின் உள்மடிப்பைத் திருப்பி
ஊசியை உருவினாள்.
நான்கு மாதம் அங்கேயே இருந்திருக்கிறது,
வைக்கோலில் படுத்தபோதும், மொட்டை அடித்தபோதும்.
திருகி மாட்டினாள்.
என் சீட்டை அடியில் நுழைத்து
சக்கரத்தைச் சுற்றினாள்.
நூலில்லாத தையல்.
‘ஊசி இல்லை’ என்ற வரியின் மேலேயே
பொடிப் பொடியாய்த் துளை.

பன்னிரண்டு நாள் முடிந்தது. மறுபடி ஏணி.

ஜூலையில் கஞ்சி வரிசையில் ஒரு பையனைப் பார்த்தேன்.
மாவுச் சாக்குச் சட்டை,
முதுகில் ஆலையின் பெயர் தலைகீழாய்.
தையல் நேராக இருந்தது.
அவளுடையதா என்று கேட்கவில்லை.

ஆகஸ்டில் மெஷினோடு வந்தாள்.
புருஷன் எலியோதோரோவை
ஆற்று மணலில் பொன் அரிக்க அனுப்பியிருந்தார்கள்.
ஒரு மாதத்துத் தூள் ஒரு வார மொச்சைக்குக் காணவில்லை.
பையனுக்குக் காய்ச்சல் என்றாள்.
எந்தக் காய்ச்சல் என்று
ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை அப்போது.

மெஷினைப் பார்த்தேன். அவள் கழுத்துப் பட்டியைப் பார்த்தேன்.
எழுதினேன்: ஊசி உண்டு.
முப்பது பெசோ.
தலைகீழாகவே படித்துவிட்டாள்.
நன்றி சொல்லவில்லை.
பட்டியைக் கையால் மூடிக்கொண்டு போனாள்.

டிசம்பரில் ஐந்தாவது படம், கூடவே தணிக்கை.
‘ஊசி எங்கே?’ என்றார் அதிகாரி.
என் சம்பளத்தில் இரண்டு பெசோ பிடித்தார்கள்.
மதிப்பில் பிழையில்லை.

தவணை முடிந்தும் அவள் வரவில்லை.
கடை சாத்தும் நேரத்தில் சில நாள்
அந்தச் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பேன்.
ஊசியில்லாத பிடி இறங்கும், ஏறும்,
எதையும் தொடாமல்.